படிக்காதவை 214

அந்த மெயில்களை அழித்துவிடாதே கண்ணு.

நான் ஒன்றும் உன் ஃபோனை எட்டிப் பார்க்கவில்லை. அந்தப் பழக்கமே எனக்குக் கிடையாது. நீ மடியில் வைத்துக்கொண்டு விரலால் தள்ளித் தள்ளி விட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் கண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பாள்? மேலே சிவப்பு எழுத்தில், இடம் நிரம்பிவிட்டது என்று வந்தது. அது கண்ணில் பட்டது. அப்புறம் சத்தியமங்கலத்தில் ஏதோ பள்ளிக்கூடத்தில் உனக்கு இன்டர்வியூ, இன்றைக்கு மூன்று மணிக்கு. அப்புறம் யாரோ கவியரசன், ஏன் பதிலே இல்லை என்று நாலு தடவை கேட்டிருக்கிறான். அவ்வளவுதான் பார்த்தேன். அதற்கு மேல் நான் எதற்குப் பார்க்க?

அந்த ஜன்னல் ஓரத்தை எனக்குக் கொடுத்துவிடு. எழுந்திரு, நான் உள்ளே போய்க்கொள்கிறேன். எனக்கு பஸ் என்றாலே வயிறு புரட்டும். கம்பெனி காரைக் கொடுத்திருந்தால் இந்தக் கூத்தே இல்லை. கார் வெளிநாட்டு ஆளை அழைத்துவரப் போயிருக்கிறதாம். இருபத்திரண்டு வருஷம் உழைத்தவளுக்கு பஸ். சரி, அதை அப்புறம் சொல்கிறேன். பையில் எலுமிச்சம்பழம் போட்டேன், எங்கே போய்த் தொலைந்ததோ. இந்தக் கவரைக் கொஞ்சம் பிடி. மடக்காதே. மடியில் வைத்துக்கொள், நான் தேடி எடுத்துவிடுகிறேன்.

ம். இப்போது பரவாயில்லை.

மெயிலைப் பற்றிச் சொன்னேன் இல்லையா? அழிக்காதே என்றால், அப்படியே வைத்திரு என்றும் அர்த்தமில்லை. பழசையெல்லாம் உன் சொந்தக் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக்கொண்டு மேலே காலி பண்ணுவார்கள். ஆர்க்கைவ் என்று பெயர். நீ படித்த பெண், உனக்குத் தெரிந்திருக்கும். ஆனால் ஒன்று சொல்கிறேன் கேட்டுக்கொள். அதை நீயே செய். உன் கையாலேயே செய். இன்னொருத்தி கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நான்தான் சாட்சி. இப்படி வேர்க்க விறுவிறுக்க, கோபி வரைக்கும் பஸ்ஸில், வேலை நாளில், ஒரு கவரைத் தூக்கிக்கொண்டு.

நான் ரேணுகாதேவி. திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் மேனேஜர். வெளிநாட்டில் துணி வாங்குகிறவன் என்ன கேட்கிறான் என்று தெரிந்துகொண்டு, அதை இங்கே இருக்கிறவர்களை விரட்டி வேலை வாங்கி, பெட்டி கப்பலில் ஏறுகிற வரைக்கும் என் தலையில்தான். எல்லாம் மெயிலில் நடக்கும். பட்டன் கலருக்கு ஒரு மெயில். பட்டன் கலர் பிடிக்கவில்லை என்று ஒரு மெயில். முதல் கலரே இருக்கட்டும் என்று இன்னொரு மெயில். இந்த மெயில்பாக்ஸ் கொடுத்த பதினொரு வருஷத்தில் ஒரு மெயிலைக்கூட நான் அழித்தது கிடையாது. ஏன் தெரியுமா? என்றைக்காவது ஒருத்தன் வந்து, நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்பான். அன்றைக்கு எடுத்து அவன் மூஞ்சிக்கு நேராகக் காட்ட வேண்டும். அப்படி எத்தனை பேர் வாயை அடைத்திருக்கிறேன் என்கிறாய்! கட்டிங் மாஸ்டர் ஒருவர் என் அறைக்குள் வரும்போதே, "ரேணுகா மேடம், தேதியோட எடுத்துடாதீங்க, நானே ஒத்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டுதான் வருவார். அந்தப் பயம் இருக்க வேண்டும். பயம் இருந்தால்தான் வேலை நடக்கும்.

போன மாசம் அந்த மெயில்பாக்ஸ் நிரம்பிவிட்டது. எனக்கு வந்த மெயில் எனக்கு வராமல், அனுப்பியவனுக்கே திரும்பிப் போய்விட்டது. அவன் நேராக முதலாளிக்கு ஃபோன் போட்டுவிட்டான். முதலாளி கூப்பிட்டுச் சொன்னார். "ஏனுங்க ரேணுகா, எல்லாப் பழசையும் தலையில சொமந்துக்கிட்டே திரியோணுமா? உங்க கம்ப்யூட்டர்ல எறக்கி வெச்சுட்டு சர்வரைக் காலி பண்ணுங்க. அந்தத் தாராபுரத்துப் புள்ளையக் கூப்பிட்டுக்குங்க, பொறுமையாப் பண்ணும்."

தாராபுரத்துப் பிள்ளை என்றால் சிந்துஜா. வந்து ஆறு மாசம்கூட ஆகவில்லை. கம்ப்யூட்டர் படித்தவள். பிரிண்டர் பக்கத்தில் ஒரு மேசை. அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்பதே, காகிதம் தீர்ந்துபோகும்போதுதான் ஞாபகம் வரும். மதியம் சோற்றை டப்பாவோடு மடியில் வைத்து, சுவரைப் பார்த்துத் திரும்பிச் சாப்பிடுவாள். எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவாள். கையில் ஒரு சின்ன நோட்டு, அதில் எழுதிக்கொண்டே இருப்பாள். என்ன எழுதுகிறாள்? யாருக்குத் தெரியும்.

பேசாத பெண்களை நம்பவே கூடாது கண்ணு. பேசுகிறவள் மனதில் இருப்பதைக் கொட்டிவிட்டுப் போய்விடுவாள். பேசாதவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இருப்பாள். உன்னைச் சொல்லவில்லை. நீ பஸ்ஸில் தெரியாதவர்களிடம் பேசாதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண். அது வேறு.

நாலு நாள் என் நாற்காலியில் அவள். எனக்கு, வருகிறவர்களுக்குப் போடுகிற பிளாஸ்டிக் சேர். முதல் நாள் என்னிடம் கேட்டாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "மேடம், வருசவாரியா எறக்கட்டுங்களா, ஃபோல்டர்வாரியா எறக்கட்டுங்களா?"

"எப்படி வேணாலும் எறக்கு. ஒரு மெயில் கொறஞ்சுதுன்னு வெச்சுக்கோ, தாராபுரம் பஸ்ல நானே ஏத்தி விட்டுருவேன்."

"கொறையாதுங்க மேடம். முன்னாடி எத்தனை, பின்னாடி எத்தனைன்னு எண்ணி எழுதிக்கறேன்."

"எண்ணு. ஆனா எதையும் தொறந்து பாக்காத."

"தொறக்க மாட்டேனுங்க."

திறக்கவில்லைதான். அதையும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. நான் பின்னாலேயே உட்கார்ந்து நாலு நாளும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. எண்ணினாள், எழுதினாள், இறக்கினாள். மறுபடி எண்ணினாள். எண்ணத் தெரிந்தவர்கள் ஆபத்தானவர்கள் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பெருமாநல்லூர் தாண்டியாகிவிட்டதா? இந்த டிரைவர் என்ன, பள்ளம் பார்த்து இறக்குகிறான்.

நாலாம் நாள் சாயங்காலம் முடிந்துவிட்டது. கதவுப் பக்கம் வந்து நின்றாள். போவாள் என்று பார்த்தால் போகவில்லை. நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "மேடம், ஒரு ஃபோல்டர்ல மட்டும்..." என்று இழுத்தாள்.

என் டீமில் ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். நானே போட்டது. எந்த வேலை முடிந்தாலும் வாயால் முடிந்தது என்று சொல்லக்கூடாது. மெயில் போட வேண்டும். பட்டியலோடு போட வேண்டும். முதலாளிக்கு ஒரு காப்பி போக வேண்டும். அப்போதுதான் நாளைக்கு எவனும் பேச்சை மாற்ற முடியாது. பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள், பன்னிரண்டு பேரும் அப்படித்தான். இவள் மட்டும் கதவில் நின்று கதை சொல்லலாமா?

"வாயால சொல்லாதன்னு எத்தனை வாட்டி சொல்றது? மெயில்ல போடு" என்றேன்.

"இல்லீங்க மேடம், இது நேர்ல சொன்னா நல்லாருக்கும்னு..."

"சிந்துஜா. மெயில். எம்.டி.க்குக் காப்பி."

அப்புறம் தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் போட்டுவிட்டாள்.

நியாயமா? சொல்லு. ஒரு நல்ல பெண்ணாக இருந்தால், மேடம் கோபத்தில் சொல்கிறார்கள், மறுபடி ஒரு தரம் நேரில் சொல்லிப் பார்ப்போம் என்று நினைக்க வேண்டாமா? கேட்டால், நீங்கள் சொன்னதைத்தான் செய்தேன் என்பாள். இப்படிச் சொன்னதைச் செய்தே ஆளைக் கவிழ்க்கிற வித்தையை எந்தக் காலேஜில் சொல்லித் தருகிறார்கள்?

அந்த மெயிலை நான் பார்த்தேனா என்கிறாயா? நீ கேட்கவில்லை, உன் முகம் கேட்கிறது. வந்தது தெரியும். திறக்கவில்லை. பட்டியல் என்றால் பட்டியல்தானே, அதில் என்ன இருக்கப்போகிறது? மறுநாள் காலையில் முதலாளி ஃபோனில், "அந்தப் புள்ளையோட மெயிலைப் பாத்தீங்களா?" என்றார். பார்த்துட்டேங்க சார் என்றேன். "பாத்துட்டுத்தான் பேசாம உக்காந்திருக்கீங்களா?" என்றார். அப்புறம்தான் திறந்தேன்.

நாற்பத்தோரு ஃபோல்டர். வரிசையாகப் பெயர், மொத்தம் எத்தனை, படித்தது எத்தனை, படிக்காதது எத்தனை. யார் கேட்டார்கள் இந்தப் படித்தது படிக்காததெல்லாம்? கடைசி வரி இப்படி இருந்தது. 'பிறகு பார்க்க' ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபோல்டர்: சென்னியப்பன். மொத்தம் 214. படித்தவை 0. படிக்காதவை 214.

சென்னியப்பன் யார் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால்தான் உனக்கு என் பக்கத்து நியாயம் புரியும்.

எங்கள் கம்பெனியில் துணியைச் சோதிக்கிற பிரிவில் பெரியவர் அந்த ஆள். என்னைவிட எட்டு வயசு கூட. துவைத்துப் பார்ப்பது, சாயம் நிற்கிறதா இறங்குகிறதா என்று பார்ப்பது, இதுதான் வேலை. ஒரு நாளைக்கு ஒரு மெயில், சில நாள் இரண்டு. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்புவார், அதைப் படித்து முடிப்பதற்குள் நமக்கே சாயம் போய்விடும். இன்ன லாட்டில், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட துணியில், இன்ன குறை, இன்ன லாட்டில் இன்ன சந்தேகம். ஒரு தரம் ஜெர்மனிக்காரன் வந்து உட்கார்ந்திருக்கும்போது, அவன் முன்னாலேயே, "மேடம், இந்தக் கலர் நம்பர் தப்புங்க" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். குனிந்து என் காதோரம்தான் சொன்னார். ஆனால் அந்த ஜெர்மனிக்காரன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பார், அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். நம்பர் தப்புதான், அது வேறு விஷயம்.

அன்றைக்குச் சாயங்காலமே ஒரு ரூல் போட்டேன். மெயிலில் அப்படி ஒரு வசதி உண்டு. இன்ன ஆளிடமிருந்து எது வந்தாலும் என் கண்ணில் படாமல் நேராக இன்ன ஃபோல்டருக்குப் போய்விடு என்று சொல்லி வைக்கலாம். சொல்லி வைத்தேன். 'பிறகு பார்க்க' என்றுதானே பெயர் வைத்தேன்? 'பார்க்கவே வேண்டாம்' என்றா வைத்தேன்? வேலை வந்தது, மறந்துவிட்டது. மறதி ஒரு குற்றமா?

அந்த ஆளும் ஒரு நாள்கூட, ஏன் பதில் வரவில்லை என்று சண்டை போட்டதில்லை. வழியில் பார்த்தால், "மேடம், மெயில் போட்டிருந்தனுங்க, பாத்தீங்ளா?" என்பார். பார்த்துட்டேன் பார்த்துட்டேன் என்பேன். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வேன், நீயும் வேலைக்குப் போனால் அப்படித்தான் சொல்வாய். ஏழு மாசம் இப்படியே ஓடியது.

அப்புறம் அந்தக் கவுன். ஆறு வருஷம் முன்னால். சின்னக் குழந்தைகளுக்கு, உடம்பு வெள்ளை, கழுத்தும் கையும் சிகப்பு. அழகாக இருந்தது. லாரி வந்து நின்றுவிட்டது, கப்பலுக்கு நேரமாகிவிட்டது, என் உயிர் என் கையில் இல்லை. சென்னியப்பன் கதவில் வந்து நின்றார். "மேடம், அந்தச் செகப்பு லாட்டு பத்தி மெயில் போட்டிருக்கனுங்க. பாத்துட்டு நீங்க சொன்னாத்தான் ஏத்தோணும்."

"பார்த்துட்டேன். ஏத்தச் சொல்லுங்க."

"பாத்துட்டா சொல்றீங்க?"

"எத்தனை தடவைங்க சொல்றது?"

ஏற்றிவிட்டார்கள். அங்கே போய்க் கடையில் விற்று, முதல் துவையலில் சிகப்பு இறங்கி வெள்ளை முழுக்க ரோஸ். போன பெட்டி அத்தனையும் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அந்தக் கம்பெனிக்காரன் எங்களுக்கு ஆர்டரே தரவில்லை.

முதலாளி இரண்டு பேரையும் கூப்பிட்டு எதிரெதிரே உட்கார வைத்தார். சென்னியப்பன் கையைக் கட்டிக்கொண்டு, "ஐயா, நான் மெயில் போட்டனுங்க. ஏத்த வேண்டாம்னு போட்டனுங்க" என்றார். சரி, உன்னுடையதில் காட்டு என்றால் இல்லை. சோதனைப் பிரிவில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அவர்களுக்குக் கொடுத்திருந்த மெயில்பாக்ஸ் கட்டைவிரல் அளவு. சனிக்கிழமை சனிக்கிழமை அனுப்பினதையெல்லாம் அழித்தால்தான் திங்கட்கிழமை வேலை ஓடும். அழித்துவிட்டார். என்னுடையதைத் திறந்தோம். இன்பாக்ஸில் அவர் பெயரைப் போட்டுத் தேடினேன், முதலாளி பார்க்கப் பார்க்க. ரூலுக்கு முன்னால் வந்ததெல்லாம் ஏற்கெனவே பழைய வருஷத்து ஃபோல்டருக்குப் போயிருந்தது. ஒன்றுகூட இல்லை.

"ஒரு மெயில்கூடவா வந்ததில்லை?" என்று முதலாளி கேட்டார்.

"இவரு மெயிலே போட மாட்டாருங்க சார். எல்லாம் வாயாலதான்" என்றேன்.

அந்த நேரத்தில் வாயில் வந்தது. இன்பாக்ஸில் இல்லை, அதனால் சொன்னேன். கதவில் வந்து நின்றாரே என்று கேட்பாய். முதலாளி அதைக் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்கிற வழக்கம் எனக்கு இல்லை.

சென்னியப்பன் என்னையே பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு திட்டு திட்டிவிட்டு அன்றோடு மறந்திருப்பேன். "மேடம் பாத்துட்டேன்னு சொன்னாங்க" என்று மட்டும் சொன்னார், என்னிடம் இல்லை, மேசையிடம். மறுநாளிலிருந்து வரவில்லை. வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது.

திருப்பூர் பெரிய ஊர் என்று பெயர், ஆனால் ஒரு கம்பெனியில் தும்மினால் அடுத்த கம்பெனியில் ஜலதோஷம். எங்கே வேலை கேட்டுப் போனாலும், சாயம்போன சென்னியப்பனா என்று கேட்டார்களாம். அந்தப் பட்டப்பெயரை நான் வைக்கவில்லை. அதாவது, ஒரு மீட்டிங்கில் ஒரே ஒரு தடவை சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். ஊர் பூராவும் பரப்பியது நானா? இப்போது கோபியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஸ்டோர் பார்க்கிறாராம். அண்டா குண்டா எடுத்துக் கொடுத்து எண்ணி வாங்கி வைக்கிற வேலை. நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்கிற வேலைதானே. எங்களைப் போல மெயிலோடு மல்லுக்கட்ட வேண்டாம். நன்றாகத்தான் இருப்பார்.

கவரை இப்படிக் கொடு என்று கேட்பேன் என்று பார்க்கிறாயா? நீயே வைத்திரு. என் மடியில் இருந்தால் எனக்குக் கசகசவென்று இருக்கிறது.

அப்புறம் என்ன, முதலாளி என் அறைக்கு வந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் நான்தான் அவர் அறைக்குப் போயிருக்கிறேன், அவர் வந்தது அதுதான் முதல் தடவை. சிந்துஜாவையும் கூப்பிட்டார். "தொற சாமி அந்த ஃபோல்டரை" என்றார், அவளிடம். அவள் என்னைப் பார்த்தாள். தொறக்க மாட்டேன் என்று என்னிடம் சொல்லியிருந்தாள் அல்லவா, அதனால் பார்த்தாளாம். அப்பப்பா, என்ன மரியாதை! நான் தலையை ஆட்டினேன். திறந்தாள். தேதி வாரியாக அடுக்கினாள். அந்தத் தேதிக்குக் கீழே நேராக வந்து நின்றது. 'செகப்பு லாட் ஏத்த வேண்டாம் மேடம்.' மூன்று தரம் துவைத்த துணியை ஃபோட்டோ எடுத்து வேறு வைத்திருந்தார். ரோஸ் கலர்.

முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். அப்புறம் இங்கொன்றும் அங்கொன்றுமாக மற்றதையும் படிக்கச் சொன்னார். அந்தப் பெண் தன் எறும்புக் குரலில் படித்தாள். ஒன்றில், 'மேடம், நேத்து நீங்க அனுப்பின அளவுப் பட்டியல்ல கை நீளம் மாறியிருந்துச்சு. நானே திருத்திட்டேன். யார்கிட்டயும் சொல்லல' என்று இருந்தது. இன்னொன்றில், 'மேடம், பாப்பாவுக்குக் காய்ச்சல்னு சொன்னீங்க. நீங்க வீட்டுக்குப் போங்க, சாயங்கால ரிப்போர்ட் நான் பாத்துக்கறேன்.'

யார் திருத்தச் சொன்னது? யார் பார்த்துக்கொள்ளச் சொன்னது? இப்படிப் பின்னால் இருந்துகொண்டு உபகாரம் செய்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அந்தப் பெண் நடுவில் படிப்பதை நிறுத்திக் கண்ணைத் துடைத்தாள். அழுகிறாளாம்! யாரோ ஒரு ஆளுக்காக, முன்னே பின்னே பார்த்திராத ஆளுக்காக, என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. எனக்காக யாராவது அழுதார்களா?

மீதி இருநூறு மெயிலை நான் படிக்கவில்லை. எதற்குப் படிக்க வேண்டும்?

குன்னத்தூர் எப்போதோ போய்விட்டது போலிருக்கிறதே. பேச்சில் தெரியவில்லை. நீ பேசவே இல்லை, நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

முதலாளி கத்தவில்லை. கத்துகிற மனிதர், அன்றைக்குக் கத்தவில்லை. கம்பெனித் தாளில் ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார். சென்னியப்பன் மேல் எந்தத் தவறும் இல்லை, முன்கூட்டியே எழுத்தில் எச்சரித்திருக்கிறார், தவறு கம்பெனியுடையது. கீழே அவர் கையெழுத்து, சீல். அதற்குக் கீழே என் கையெழுத்து. போட்டேன். அந்த மெயிலையும் பிரிண்ட் எடுத்து அதோடு வைத்துக் கவரில் போட்டு என் கையில் கொடுத்தார்.

"நீங்களே போய் அவரு கையில குடுக்கோணும். திரும்ப வேலைக்கு வாங்கன்னு நீங்களே கேக்கோணும். அவரு எனக்கு ஃபோன் பண்ணி, ரேணுகா வந்து குடுத்தாங்கன்னு சொல்லட்டும். அதுக்கப்புறம் நீங்க ஆபீஸ் வந்தாப் போதும்."

"கூரியர்ல அனுப்பிரலாமுங்க சார்."

"பாத்துட்டேன்னு அவருகிட்ட வாயால சொன்னீங்கல்ல? இதையும் வாயால சொல்லுங்க."

பார்த்தாயா? கதவில் நின்று அந்த ஆள் சொன்னது அந்த மெயிலிலேயே இருக்கிறது. 'இதைப் பாத்துட்டு சரின்னு நீங்க சொன்ன பிறகுதான் ஏத்துவேன்' என்று கடைசி வரி எழுதி வைத்திருக்கிறார். அழுத்தக்காரர்.

சிந்துஜா இப்போது என் அறைக்கு வெளியே பெரிய மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். நான் திரும்பி வருகிற வரைக்கும் என் வேலையை அவள் பார்த்துக்கொள்வாளாம். அதே நோட்டு, அதே தலையாட்டல். கிளம்பும்போது பக்கத்தில் வந்து ஒரு எலுமிச்சம்பழத்தை நீட்டினாள். "பஸ்ல போறீங்கன்னாங்க." இந்தப் பழம்தான். எனக்கு வயிறு புரட்டும் என்று இவளுக்கு யார் சொன்னது? சொன்னேனே, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

இது கோபி பஸ் ஸ்டாண்டுதானே? ஐந்து நிமிஷம் நிற்கும் என்கிறார் கண்டக்டர். நிற்கட்டும். நான் இறங்கப்போவதில்லை. வழியிலேயே முடிவு பண்ணிவிட்டேன். உன்னோடு சத்தியமங்கலம் வரைக்கும் வருகிறேன், அங்கே ஒரு கூரியர் ஆபீஸ் இல்லாமலா போகும்? மண்டபம் பூட்டியிருந்தது, ஆள் இல்லை, அதனால் அனுப்பிவிட்டேன் என்று முதலாளிக்கு ஒரு மெயில். தேதியோடு, நேரத்தோடு. முடிந்தது. நான் ஒரு ஆள் முன்னால் போய் நின்று...

கொஞ்சம் ஜன்னல் பக்கம் சாய். சாய் கண்ணு. இன்னும். என்னை மறைத்துக்கொள்.

அதோ, அந்தப் பழக்கடை ஓரம். கட்டம் போட்ட சட்டை. தலை முழுக்க நரைத்துவிட்டது. ஆறு வருஷத்தில் இப்படியா நரைக்கும்? அவர்தான். முதலாளி சொல்லியிருக்க வேண்டும், இந்த பஸ்ஸில் வருகிறாள் என்று. ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு வருகிறார். கையில் என்ன பாட்டில் தெரிகிறதா? லெமன் சோடா. சாயப்பட்டறைக்கு வேனில் போகும்போதெல்லாம் எனக்கு வாங்கி வைத்திருப்பார். பார்த்தாயா நடிப்பை! நான் முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்கிறேன், நீ அசையாதே. ஐந்து நிமிஷம். ஐந்தே நிமிஷம் அசையாமல் உட்கார்.

ஏன் எழுந்திருக்கிறாய்? உன் ஊர் இன்னும் வரவில்லை. மூன்று மணிக்கு உனக்கு இன்டர்வியூ, மறந்துவிட்டதா?

கவர். கவரைக் கொடுத்துவிட்டுப் போ. ஏ கண்ணு! அது என்னுடையது. கண்டக்டர், அந்தப் பெண்ணைப் பிடியுங்கள், என் கவர். கொஞ்சம் வழி விடுங்களேன், மூட்டையை நடுவில் வைத்தால் ஒரு மனுஷி எப்படி இறங்குவாள்? ஒரு வார்த்தை சொன்னாளா பார், இவ்வளவு நேரம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. எல்லாம் ஒரே ரகம்.

நேராக அவரிடம்தான் போகிறாள். பாட்டிலைக் கீழே வைக்கிறார். கையைச் சட்டையில் துடைக்கிறார். பிரிக்கிறார்.

அம்மிணி! இங்கே பாருங்கள், இந்த ஜன்னல். சரி, கொடுத்துவிட்டீர்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ரேணுகாதேவிதான் கொண்டுவந்தாள் என்று சொல்லுங்கள். கேட்கிறதா? மேடம் நேரில் வந்தார்கள், மேடம்தான் கொடுக்கச் சொன்னார்கள் என்று சொல்லுங்கள். முதலாளிக்கு ஃபோன் பண்ணும்போது அவர் அதைச் சொல்ல வேண்டும். டிரைவர் பஸ்ஸை எடுத்துவிட்டான். அம்மிணி, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஒரே ஒரு வார்த்தை.